பாரமான ஆக்கள் முன்னுக்கு

சந்தையில் யாராவது என்னை நிறுத்தி, "அக்கா, நீங்க நல்லம்மா பிளேன் அக்காதானே?" என்று சிரித்தால், எனக்கு முதலில் கை சில்லிட்டுப்போகும். சண்டை முடிந்து இத்தனை வருஷமாகியும் அது மாறவில்லை. கேட்பவர் பாவம், அன்பாகத்தான் கேட்கிறார். அலோர்ஸ்டாருக்குப் பறந்ததையும், வாயில் ஒதுக்கிக்கொண்ட ஜாதிக்காய்த் துண்டையும், கீழே நெல்வயல் பாய் விரித்தாற்போலக் கிடந்ததையும் ஆசை ஆசையாகச் சொல்கிறார். நான் தலையை ஆட்டிக்கொண்டு அவருடைய கண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். தவமணிக்கு மரியாதை தெரியாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

எங்களிடம் ஒரு விமானம் இருந்தது. ஒன்றே ஒன்று. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நான் கதை அளக்கிறேன் என்று நினைப்பார்கள். எங்கள் அப்பா அப்புத்துரை ரயில்வேயில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனிதர் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போய் வளவு வாங்கிக் கல்வீடு கட்டுவார் என்று சொந்தக்காரர் எல்லோரும் எதிர்பார்த்திருக்க, அவரோ சீமைக்குத் திரும்பிப் போகவிருந்த ஒரு வெள்ளைக்காரத் தோட்டத் துரையிடமிருந்து பழைய இரட்டை இறக்கை விமானம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தேத்தண்ணீர் குடிக்கவில்லை. அண்ணன் விநாசித்தம்பி ஏற்கனவே பாயான் லெப்பாஸ் விமானத் திடலில் பறக்கப் பழகியிருந்தான். அம்மா இறந்து அப்போது ஒரு வருஷம். அண்ணன் விமானத்தின் மூக்கில் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று நல்லம்மா என்ற அம்மாவின் பெயரை எழுதினான். அன்று முதல் பினாங்கில் யாரும் எங்கள் கம்பெனியின் பெயரைச் சொன்னதில்லை. "நல்லம்மா வந்தாச்சா? நல்லம்மா கிளம்பிட்டாளா?" என்றுதான் கேட்பார்கள்.

ஆறு பேர் உட்காரலாம். அலோர்ஸ்டார், தைப்பிங், ஈப்போ. எஞ்சினைப் பார்த்துக்கொண்டவர் அலாவுதீன், கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில் வீடு. டிக்கெட், பயணிகள், பெட்டி, சண்டை சச்சரவு எல்லாம் என் பொறுப்பு. சின்ன விமானத்தில் பாரம் எங்கே இருக்கிறது என்பதுதான் உயிர். பின்பக்கம் பாரம் கூடினால் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், பிறகு கடவுள்தான் பார்க்க வேண்டும். அதற்காக அப்பா அரிசிக்கடைத் தராசு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். ஆண்கள் சிரித்துக்கொண்டு ஏறினார்கள். பெண்கள் ஒருத்தியும் ஏறவில்லை. கடைசியில் தராசைத் தூக்கிப்போட்டுவிட்டு நானே கண்ணால் பார்த்து உட்கார வைக்கத் தொடங்கினேன்.

"பாரமான ஆக்கள் முன்னுக்கு வாங்கோ. மெல்லிய ஆக்கள் பின்னுக்கு. பை மடியில."

கதவருகே நின்று இதை ஒரே மூச்சில் சொல்வேன். பிறகு ஆளுக்கொரு ஜாதிக்காய்த் துண்டு. பாலிக் பூலாவ் ஜாதிக்காயை நானே சீவிச் சீனியில் போட்டு வெயிலில் வைத்தது, வாந்தி வராது. முன்னால் இருந்து அண்ணன் தலையைத் திருப்பாமல் கேட்பான்: "தவமணி, எல்லாரும் இருந்திட்டினமோ?" நான், "ஓம், பாரம் சரி" என்று கதவை இரண்டு தரம் தட்டுவேன். தட்டுச் சத்தம் கேட்காமல் அவன் ஒருநாளும் புறப்பட்டதில்லை.

ஊருக்கு இது விளையாட்டாகிவிட்டது. கல்யாண வீட்டில் யாராவது கொஞ்சம் பருத்து வந்தால், "என்ன, தவமணி உன்னை முன்னுக்குக் கூப்பிடுவா போல இருக்கே" என்று கேலி செய்வார்கள். ஒரு தரம் ஈப்போவுக்குப் போன ஒரு பெரிய மனிதர் துணிப்பைக்குள் டுரியானை ஒளித்துக்கொண்டு ஏறிவிட்டார். பாதி வழியில் அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்து இறக்கினான். பழத்தை இறக்கிவிட்டு மனிதரை ஏற்றுவதா, மனிதரை இறக்குவதா என்று திடலில் அரை நாள் விவாதம். கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து பழத்தைத் தின்றோம். அந்த நாட்களை நினைத்தால் எனக்கும் சிரிப்பு வரும். வராமல் என்ன? நானும் மனுஷிதான்.

நாற்பத்தொன்றாம் வருஷம் டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. அப்பா அதைப் பார்க்காமல் முந்தின வருஷமே போய்விட்டார், புண்ணியவான். வெள்ளைக்கார இராணுவம் நல்லம்மாவை எடுத்துக்கொண்டது. "அம்மாவைத் தனிய விடேலாது" என்று அண்ணனும் தொண்டர் படையில் சேர்ந்து, காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு, விமானத்தோடு போனான். ஈப்போவில் தரையில் நிற்கும்போதே விமானம் எரிந்துபோயிற்று. அண்ணனுடைய இடது காலில் தகரத் துண்டு ஏறியது. வெள்ளைக்காரன் தெற்கே ஓடினான். அண்ணன் வடக்கே, தோட்டம் தோட்டமாக ஒளிந்து, நொண்டிக்கொண்டே பாகான் டாலாம் வந்து அலாவுதீன் வீட்டுக் கதவைத் தட்டினான்.

அது தெரிந்த நாளிலிருந்து எனக்குப் பயம்தான். கெம்பித்தாய் என்ற ஜப்பானிய இராணுவப் போலீஸ் வெள்ளைக்காரன் படையில் இருந்தவர்களைத் தேடியது. பிடிபட்டவர்கள் திரும்பி வரவில்லை. பினாங்கிலே ஓர் ஆளை ஒளிக்கலாம். ஆனால் எங்களை எப்படி ஒளிப்பது? ஊரே எங்களை அறியும். அறிவது மட்டுமா, எங்கள் மேல் ஊருக்கு ஆசை. எங்களைப் பற்றிப் பேசினால் எல்லோருடைய முகமும் மலர்ந்துவிடும். அந்த மலர்ச்சிதான் என்னைப் பயமுறுத்தியது. பகையாளியின் வாயையாவது கட்டலாம், பிரியமாகப் பேசுகிறவனின் வாயை என்ன செய்வது?

இதில் இன்னொன்று. சிந்தரா தெருப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு ஜப்பான்காரர் சண்டைக்கு முன்பு எங்களோடு அடிக்கடி பறந்தவர். நல்ல மரியாதைக்காரர். ஜன்னல் வழியாகக் கடலையும் துறைமுகத்தையும் படம் பிடிப்பார். என்னையும் அண்ணனையும்கூட விமானத்தின் முன் நிறுத்திப் பிடித்து, அதைக் கடை வாசலில் மாட்டி வைத்திருந்தார். அவருக்கு நான் எப்போதும் இரண்டு ஜாதிக்காய்த் துண்டு கொடுப்பேன். ஜப்பான் படை உள்ளே வந்த வாரம் அதே மனிதரை வாளோடும் சீருடையோடும் பினாங்கு ரோட்டில் பார்த்தேன். சந்துக்குள் புகுந்து, யாரோ வீட்டுக் குளியலறைக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். அதற்குப் பிறகு வீட்டை விட்டு வேறு வீடு போனேன், சேலையை மாற்றிக் கட்டினேன், நெற்றிப் பொட்டை மாற்றினேன். வாயிலிருந்த யாழ்ப்பாணப் பேச்சை மட்டும் மாற்ற முடியவில்லை. அதனால் வெளியே பேசுவதை நிறுத்தினேன்.

ஒருநாள் அலாவுதீன் கடல் கடந்து வந்தார். முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, அண்ணன் காலு அழுகுது லா. வீட்டுக்குள்ள நிக்க முடியல நாத்தம். டாக்டர் பாக்கலன்னா கால் இல்ல, ஆளே போயிடும்."

பர்மா ரோட்டில் அம்மா வழிச் சொந்தக்காரர் டாக்டர் அம்பிகைபாகன் இருந்தார். அவர் கடல் கடந்து பாகான் டாலாம் வந்தால், ஏன் வந்தார் என்று கேள்வி வரும். அண்ணனைத்தான் இங்கே கொண்டுவர வேண்டும். போய்க் கேட்டதற்கு டாக்டர் சொன்னார்: "கொண்டுவா. மிச்சத்தை நான் பாக்கிறன். இனி என்னைத் தேடி நீ வராதை, நேராப் பின்வாசலுக்குக் கொண்டுவா."

இப்படித்தான் நான் ஒரு நாள் என் அண்ணனுக்குப் பெண்சாதியானேன். பாகான் டாலாம் வீட்டில் அலாவுதீனின் மனைவி ரொஸ்னா என் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டி விட்டாள். அண்ணன் தாடி வளர்த்து, தலையை ஒட்ட வெட்டி, கைலி கட்டி, சலவைக்காரச் சொக்கநாதனாக உட்கார்ந்திருந்தான். காய்ச்சலில் கண் சிவந்து கிடந்தது. என் கழுத்துக் கயிற்றைப் பார்த்துச் சிரித்தான்.

"கடைசியில உனக்கும் கலியாணம்."

"வாயை மூடு. உன்னால வந்த வினை," என்றேன். அவன் காலில் போட்டிருந்த துணிக்கட்டைச் சுற்றி ஜாதிக்காய்த் தைலம் தடவினேன், நாற்றத்தை மறைக்க. தடவும்போது கண்ணில் நீர் முட்டியது. அவன் பார்க்காதபடி திரும்பிக்கொண்டேன்.

புறப்படும்போது அலாவுதீன் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்: "அக்கா, நீங்க மட்டும் வாயத் திறக்காதீங்க. நீங்க ஒரு வார்த்த பேசினா போதும், சலவைக்காரன் பொஞ்சாதி இல்லன்னு தெரிஞ்சிடும். ஊமையாவே இருங்க." நான் ஊமையாகவே தலையாட்டினேன்.

பட்டர்வொர்த்தில் பெரிய பெரிக் கப்பல் ஓடவில்லை. சம்பான் என்ற துடுப்புப் படகுகள்தான். வரிசையில் நின்று, ஜப்பான் காவல்காரனுக்கு இடுப்பு வளையக் கும்பிட்டு, ஒரு அகலமான சம்பானில் ஏறினோம். எனக்கு முன்னும் பின்னும் சனம். கோழிக் கூடை, மரவள்ளிக் கிழங்கு மூட்டை, பிள்ளைகள். நான் அண்ணனை நடுவில் உட்கார வைத்து, அவனுடைய காலின் மேல் என் சேலைத் தலைப்பைப் போட்டு மூடினேன். முகத்தைக் கவிழ்த்துக்கொண்டேன். யாரையும் பார்க்கவில்லை.

நடுக் கடலில் காற்று எழுந்தது. சம்பானின் பின்பக்கம் தாழத் தொடங்கியது. பருமனான ஆட்கள் நாலைந்து பேர் கிழங்கு மூட்டைகளோடு பின்னால் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அலை பின்விளிம்பைத் தாண்டி உள்ளே கொட்டியது. அடுத்ததும் கொட்டியது. பிள்ளைகள் அலறினார்கள். துடுப்புக்காரன் மலாயில் கத்தினான், ஒருவரும் அசையவில்லை, பயத்தில் இன்னும் பின்னாலேயே ஒண்டினார்கள். தண்ணீர் அண்ணனின் கால்கட்டைத் தொட்டது. நான் எப்போது எழுந்து நின்றேன் என்று எனக்குத் தெரியாது.

"பாரமான ஆக்கள் முன்னுக்கு வாங்கோ! மெல்லிய ஆக்கள் பின்னுக்கு! பை மடியில! எழும்புங்கோ, ஏன் இருக்கிறியள்?"

என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். எல்லோரும் எழுந்து மாறினார்கள். சீனக் கிழவி ஒருத்திகூட, ஒரு சொல் புரியாமலேயே, பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். சம்பான் நிமிர்ந்தது. அப்போதுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைத்தது. அப்படியே உட்கார்ந்தேன்.

பின்னாலிருந்து முன்னால் மாறிக்கொண்டிருந்த ஒரு மனிதர் பாதி வழியில் நின்றுவிட்டார். பெரிய தொந்தி, நெற்றி நிறையத் திருநீறு. பினாங்கு ஸ்ட்ரீட் வட்டிக்கடைக் கிட்டங்கியிலிருந்து மாதா மாதம் அலோர்ஸ்டாருக்கு எங்களோடு பறந்த சாத்தப்பன் செட்டியார். நான் ஏறும்போது தலையைக் கவிழ்த்திருந்ததால் அவரைப் பார்க்கவில்லை. அவர் முகம் விளக்கேற்றியதுபோல மலர்ந்தது.

"அட, ஆச்சி! நம்ம நல்லம்மா ஆச்சி! அந்தக் கொரலக் கேட்டதுமே நெனச்சேன் லா!" என்று சத்தமாகச் சிரித்தார். சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. "எத்தன தடவ என்னைய முன்னால கூப்பிட்டு மானத்த வாங்கியிருக்கீங்க! இப்பப் பாருங்க, ஜப்பான்காரன் புண்ணியத்துல எளைச்சுட்டேன். நாம்பாட்டுக்குப் பின்னால ஒக்காந்திருந்தேன், அதுக்கும் விடலியே நீங்க! அண்ணன் எங்க? பிளேன் என்னாச்சு? அந்த ஜாதிக்கா..."

அப்போதுதான் என் அண்ணனைப் பார்த்தார். தாடியைப் பார்த்தார். கைலியைப் பார்த்தார். என் கழுத்துக் கயிற்றைப் பார்த்தார். சேலைத் தலைப்பின் கீழே நீட்டிக்கிடந்த காலைப் பார்த்தார். சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே நின்று, மெல்ல மெல்ல இறங்கியது.

"ஆளு மாறிப்போச்சு," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "மன்னிச்சுக்கம்மா. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆச்சி, உன்னைய மாதிரியே இருப்பாங்க." பிறகு முன்னால் போய், எல்லோருக்கும் முன்னால், சம்பானின் மூக்கோரம் உட்கார்ந்தார். ஆனால் அவருடைய காது சிவந்திருந்தது. நான் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல மனிதர், அது எனக்குத் தெரியும். அவருடைய மனைவி தெய்வானையும் பிள்ளைகளும் தேவகோட்டையில். சண்டை தொடங்கியதிலிருந்து அங்கிருந்து ஒரு சேதியும் கிடையாது. எப்படியாவது உயிரோடு ஊர் போய்ச் சேர வேண்டிய மனிதர். அப்படிப்பட்டவர் வாய் திறக்க, கொஞ்சம் பயமுறுத்தினால் போதாதா? நான் மனதுக்குள் அம்மாவைக் கூப்பிட்டேன், எந்த அம்மாவை என்று எனக்கே தெரியாது.

வெல்ட் கீ படகுத்துறையில் சம்பான் ஒட்டியதும், முன்னால் இருந்தவர்கள் முதலில் இறங்கினார்கள். சாத்தப்பனும் இறங்கினார். அவரோடு இறங்கியவர்கள் காவல்காரனைக் கும்பிட்டு வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனார்கள். அவரும் வாசல்வரை போனார். அங்கே நின்று திரும்பிப் பார்த்தார். அண்ணனால் எழுந்து நிற்க முடியவில்லை. நான் ஒற்றை ஆளாக அவனுடைய அக்குளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். மனிதர் திரும்பி வந்துவிட்டார்.

"தள்ளு தாயி, நீ பையப் பிடி," என்று அண்ணனின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். காதோரம் குனிந்து, "நடங்க தம்பி, மெல்ல. நானிருக்கேன்," என்றார்.

நாங்கள் படியேறும்போது வாசல் பக்கம் ஒரு லாரி வந்து நின்றது. சிப்பாய்கள் குதித்தார்கள். விசில் சத்தம். மிச்சம் இருந்த அத்தனை பேரையும் கிடங்குச் சுவர் ஓரமாக வரிசையில் நிறுத்தினார்கள். மத்தியான வெயில் நேராக முகத்தில் அடித்தது. லாரியின் முன்கதவைத் திறந்து ஒருவனை இறக்கினார்கள். தலையிலிருந்து மார்புவரை சாக்குப்பை, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. பினாங்கில் அப்போது அந்தச் சாக்கைப் பார்த்த யாரும் இன்றுவரை நன்றாகத் தூங்கியிருக்க மாட்டார்கள். சாக்குக்குள் இருப்பவன் யாரைப் பார்த்துத் தலையசைக்கிறானோ அவன் போனான். கேள்வி கிடையாது.

வரிசை தொடங்கியது. இரண்டு சீனப் பையன்கள் முன்னால் சாக்கு நின்றது, அசைந்தது. அவர்களை இழுத்துப் போனார்கள். ஒருவன் செருப்பு அங்கேயே கிடந்தது. சாக்கு நகர்ந்து நகர்ந்து வந்தது. நான் அண்ணனுக்கு இடப்பக்கம், சாத்தப்பன் வலப்பக்கம். அண்ணனின் உடம்பிலிருந்து அடுப்புபோல அனல் அடித்தது. கண் செருகிக்கொண்டிருந்தது. எழுந்து நிற்பது அவன் அல்ல, சாத்தப்பனின் தோள்தான் அவனை நிறுத்தி வைத்திருந்தது. நான் பையை வயிற்றோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அதற்குள் ஒரு பழைய துணியும் ஒரு டப்பா ஜாதிக்காயும்தான். ஆனாலும் எதையாவது பிடிக்க வேண்டியிருந்தது.

சாக்கு எங்கள் முன்னால் வந்து நின்றது.

ஓட்டைக்குள் இரண்டு கண்கள். அவை அண்ணனைப் பார்த்தன. தாடிக்குக் கீழே இருக்கும் முகத்தைப் பார்த்தன, எனக்கு அது தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தன. பிறகு என் பையை. சாக்குக்குள்ளிருந்து, பக்கத்தில் நின்ற சிப்பாய்க்குக் கேட்காத அளவில், ஒரு மெல்லிய குரல் வந்தது.

"பை மடியிலயா, அக்கா?"

எங்கள் பயணி. எந்தப் பயணி? எந்த ஊருக்குப் போனவன்? நான் யாருக்குக் கூட ஒரு துண்டு கொடுத்தேன், யாரைத் திட்டினேன்? அந்தக் குரல் யாருடையது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சாக்குக்குள் எல்லாக் குரலும் ஒரே மாதிரித்தான் கேட்கும். சந்தையில் சிரித்துக்கொண்டு என்னை நிறுத்துகிறவர்களின் கண்களை நான் ஏன் பார்க்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

அவன் அங்கே நின்றது நீண்டுவிட்டது. சிப்பாய்க்குப் பொறுமை போயிற்று. துப்பாக்கிக் கட்டையால் அவன் முதுகில் இடித்து ஏதோ உறுமினான். இவ்வளவு நேரம் நின்றுவிட்டு ஒருவரையும் காட்டாமல் போக முடியாது என்பது எனக்கே தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும். சாக்கு அண்ணனிடமிருந்து ஒரு அடி விலகி, பக்கத்தில் நின்ற சாத்தப்பனின் முன் போய், ஒரு தரம் அசைந்தது.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் நெஞ்சில் அடைத்துக்கொண்டது.

சாத்தப்பனுக்கு முதலில் விளங்கவில்லை. "நானா? நானா?" என்று தன் மார்பைத் தொட்டுக் கேட்டார். "நான் கிட்டங்கி ஆளு, துவான். நான் ஒண்ணும் பண்ணல துவான்." இரண்டு சிப்பாய்கள் அவர் கையைப் பிடித்தார்கள். அவருடைய தோளிலிருந்து அண்ணனின் கை நழுவியது, நான் பாய்ந்து அவனைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தேன். அப்போது சாத்தப்பன் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

அவர் கண்ணில் எல்லாம் இருந்தது. பயம் இருந்தது, அப்படிப் பயந்த கண்ணை நான் பார்த்ததில்லை. கணக்கும் இருந்தது. நான் அதையும் பார்த்தேன். கையை நீட்டி, இவன்தான் வெள்ளைக்காரனுக்குப் பிளேன் ஓட்டினவன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் கிட்டங்கிக்குப் போகலாம், ஒருநாள் கப்பலேறித் தெய்வானையிடமும் போகலாம். அவருடைய வாய் திறந்தது. நான் வேண்டாம் என்று தலையாட்டவில்லை, கும்பிடவில்லை. எதைச் செய்தாலும் அது எங்களைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் வாயை மூடிக்கொண்டார்.

லாரியின் பின்பக்கம் ஏற்கனவே பிடித்த ஆட்கள் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். அவரை ஏறச் சொல்லித் தள்ளினார்கள். அந்தத் தொந்தியோடு அவரால் ஏற முடியவில்லை, இரண்டு தரம் வழுக்கினார். மேலே இருந்த சீனப் பையன் ஒருவன் கை கொடுத்து இழுத்தான். ஏறி நின்றதும் வேட்டியைச் சரி செய்துகொண்டார். பிறகு, எங்கள் பக்கம் திரும்பாமலே, லாரியில் இருந்த சனத்தைப் பார்த்துச் சொல்வதுபோலச் சத்தமாகச் சொன்னார்:

"வழி விடுங்கப்பா. நான் பாரமான ஆளு. நான் முன்னாலதான் ஒக்காரணும்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், ஓட்டுகிறவனின் முதுகுப் பலகையை ஒட்டி உட்கார்ந்தார். கையில் பை ஒன்றும் இல்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். லாரி துறைமுகச் சாலையில் திரும்பும்வரை அவருடைய தலை தெரிந்தது. அதற்குப் பிறகு அவரைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. சண்டை முடிந்ததும் நான் சிறைச்சாலை வாசலில் போய்க் கேட்டேன், கிட்டங்கியில் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

மிச்சப் பேரை விட்டுவிட்டார்கள். ஒரு ரிக்‌ஷாவில் அண்ணனை அள்ளிப் போட்டுக்கொண்டு பர்மா ரோட்டுப் பின்வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன். டாக்டர் அம்பிகைபாகன் என்னுடைய முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கத்தியைக் கொதிக்க வைத்தார். மயக்க மருந்து கொஞ்சம்தான் இருந்தது. நான் அண்ணனின் தலைமாட்டில் நின்று அவனுடைய தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். துணியை மூக்கில் வைத்ததும் அவன் அரை மயக்கத்தில் முகட்டைப் பார்த்துக் கேட்டான்.

"தவமணி, எல்லாரும் இருந்திட்டினமோ?"

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"ஓம்," என்றேன்.

"அந்தச் செட்டியார்? என்னைப் பிடிச்சுக்கொண்டு வந்தவர்?"

துறைமுகத்தில் நடந்தது ஒன்றும் அவனுக்குத் தெரியாது. காய்ச்சலில் சுவரோடு சாய்ந்து கிடந்தவன்.

"முன்னுக்கு இருக்கிறார்," என்றேன்.

"அப்ப பாரம் சரி," என்று முணுமுணுத்தான். ஆனால் கண்ணை மூடவில்லை. எதற்கோ காத்திருந்தான். எதற்கு என்று எனக்குத் தெரியும். கையைத் தூக்கினேன், கை வரவில்லை. மறுபடி தூக்கி, கட்டிலின் மரச் சட்டத்தில் இரண்டு தரம் தட்டினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.